ஊராட்சி வாசலோடு நின்றுவிட்ட இணையம்

"சர்வர் வரலம்மா, கொஞ்சம் உட்காருங்க." ரேஷன் கடை வரிசையில் இந்தக் குரலைக் கேட்காத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. கைரேகை வைத்தால்தான் அரிசி. கைரேகை ஏற வேண்டுமென்றால் கருவிக்கு சிக்னல் வேண்டும். விற்பனையாளர் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்படிக்கு வருவார். தெருப்பக்கம் திருப்பிப் பிடித்து, இன்னொரு தடவை விரலை வைக்கச் சொல்வார். நூறு நாள் வேலையிலும் இதே கதைதான். 2023 ஜனவரி 1 முதல் பணித்தளத்தில் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து, ஆப்பில் ஏற்றினால்தான் வருகைப்பதிவு என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. படம் ஏறாவிட்டால் கூலிக் கணக்கு சிக்கலாகும். அதனால் பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஏரிக்கரை மேட்டில் நடந்துகொண்டிருப்பார்.

அரிசியும் கூலியும் இணையத்தின் வழியாகத்தான் வரும் என்று முடிவு செய்தது அரசு. அப்படியானால் அந்த இணையத்தை ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் அரசின் கடமை. இந்தக் கடமையை நாம் எங்கே தொலைத்தோம் என்பதைத்தான் இந்தக் கட்டுரை தேடுகிறது. அலைக்கற்றையை எவ்வளவுக்கு விற்றார்கள், எவ்வளவு நட்டம் என்று பதினைந்து ஆண்டுகளாகப் பேசிவிட்டோம். அந்த அலை எந்த ஊர்வரை போனது என்று அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசவில்லை.

அலை யாருடையது?

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. கிரிக்கெட் போட்டியை யார் ஒளிபரப்பலாம் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் நடந்த வழக்கு அது. வானலைகள் பொதுச் சொத்து, பொதுமக்களின் நன்மைக்காகவே அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று நாட்டின் முதல் செல்போன் அழைப்பு கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. ஆகஸ்ட் 15 அன்று அரசின் விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது.

பொதுச் சொத்தைத் தனியாரிடம் கொடுத்தால் பதிலுக்குப் பொதுமக்களுக்கு என்ன கிடைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு டெல்லி பெரும்பாலும் ஒரே ஒரு விடையைத்தான் வைத்திருந்தது: பணம்.

2ஜி கதையைத் தமிழ் வாசகருக்கு மறுபடி சொல்லத் தேவையில்லை. 2008 ஜனவரியில் 2001-ஆம் ஆண்டு விலைக்கு 122 உரிமங்கள் கொடுக்கப்பட்டன. 2010-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 1.76 லட்சம் கோடி ரூபாய் என்ற உத்தேச இழப்பைச் சொன்னார். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. யார் பக்கம் நியாயம் என்று இன்றும் டீக்கடையில் வாதம் நடக்கும்.

ஆனால் அந்த வாதம் விட்டுச்சென்ற வடு வேறு. அதன் பிறகு எந்த அதிகாரியும் அலைக்கற்றைக்கு விலையைக் குறைத்து எழுதும் கோப்பில் எளிதில் கையெழுத்துப் போடத் துணியவில்லை. இயற்கை வளங்கள் அனைத்தையும் ஏலத்தில்தான் விட வேண்டும் என்று அரசியல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே விளக்கம் தந்தது. அந்த விளக்கம் யார் காதிலும் ஏறவில்லை. அதிக விலை என்றால் நேர்மை, குறைந்த விலை என்றால் ஊழல் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது.

ஆறு வருடம் சும்மா கிடந்த அலை

அந்த எண்ணத்தின் விலையைப் பார்க்க வேண்டுமென்றால் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பாருங்கள்.

அலைவரிசை எண் குறையக் குறைய அலை தூரம் போகும். சுவரையும் தோப்பையும் தாண்டி உள்ளே நுழையும். 3,300 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் 5ஜி, டவரைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலே களைத்துப்போகும். 700 அப்படியில்லை. குறைந்த டவர்களை வைத்துக்கொண்டு நிறைய ஊர்களை எட்டிவிடலாம். ஒரு டவர் என்றால் இரும்பு மட்டுமில்லையே. நிலத்துக்கு வாடகை, மின் இணைப்பு, கரண்ட் போனால் டீசல், பேட்டரி, காவல் என்று செலவு நீளும். ஐந்நூறு வீடுகள் மட்டுமே இருக்கும் ஊரில் அந்தச் செலவை எடுக்க முடியாது என்றுதான் கம்பெனிகள் பின்வாங்குகின்றன. கிராமத்துக்கென்றே வாய்த்த அலை என்று 700-ஐச் சொன்னால் மிகையாகாது.

2016-இல் அது முதல்முறையாக ஏலத்துக்கு வந்தது. நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என்று அடிப்படை விலை வைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில் விலையைக் குறைத்து மறுபடி கொண்டுவந்தார்கள். அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. 2022-இல் விலை 3,927 கோடிக்கு இறங்கியது. ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸை எடுத்தது. அரசுக்குக் கிடைத்தது 39,270 கோடி.

ஆறு ஆண்டுகள். நடுவில் கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் போனுக்குள் போனது. பிள்ளைகள் மாடியிலும் மரத்திலும் ஏறி சிக்னல் பிடித்து ஆன்லைன் வகுப்பு கேட்ட படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அந்தக் காலம் முழுவதும் நாட்டின் மிகச் சிறந்த கிராமத்து அலைவரிசையில் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட எந்த செல்போன் கம்பெனியின் கையிலும் இல்லை. நிலத்தை விற்காமல் வைத்திருந்தால் நிலம் அப்படியே இருக்கும், நாளைக்கு விற்கலாம். அலை அப்படிப்பட்ட சரக்கில்லை. நேற்று பயன்படாமல் போன அலை நேற்றோடு போனதுதான். இந்த இழப்பை எந்தத் தணிக்கை அறிக்கையும் கோடிகளில் கணக்கிட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் தலைப்புச் செய்தி ஆகியிருக்க வேண்டும்.

விலையேற்றத்தின் இன்னொரு முகத்தைத் தமிழ்நாடு நேரில் பார்த்தது. 2010 ஏலத்தில் 3ஜிக்கும் பிராட்பேண்ட் அலைக்கும் சேர்த்து அரசுக்கு 1 லட்சம் கோடிக்கு மேல் கிடைத்தது. ஏர்செல் 3ஜிக்கு மட்டும் சுமார் 6,500 கோடி கட்டியது. தமிழ்நாட்டில் வேரூன்றி வளர்ந்த கம்பெனி அது. போட்டி முற்றியதும் கடன் கழுத்தை நெரித்தது. 2018 பிப்ரவரியில் சிக்னல் ஒரேயடியாகப் போனது. வங்கிக் கணக்கிலும் கேஸ் சிலிண்டர் பதிவிலும் கொடுத்து வைத்திருந்த நம்பரைக் காப்பாற்ற, வேறு கம்பெனிக்கு மாறும் எண் கேட்டு, கடை வாசல்களில் மக்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். ஏர்செல் விழுந்ததற்கு ஜியோவின் விலைப் போர் உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அலைக்காக வாங்கிய கடனை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிட முடியாது. ஒரு காலத்தில் பத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் இருந்த நாட்டில் இன்று தனியார் மூவர், அரசின் பிஎஸ்என்எல், அவ்வளவுதான். அந்த மூவரில் ஒன்றான வோடஃபோன் ஐடியாவால் பாக்கியைக் கட்ட முடியாமல், 2025-இல் அதன் பங்குகளில் ஏறத்தாழ 49 சதவீதம் அரசின் கைக்கே வந்துவிட்டது. ஏலத்தில் வர வேண்டிய விலையின் ஒரு பகுதியை அரசு இப்படிப் பங்குக் காகிதமாகப் பெற்றிருக்கிறது.

உங்கள் ரீசார்ஜில் கிராமத்தின் பங்கு

ஏலப்பணம் தவிர இன்னொரு கணக்கும் உண்டு. பெரும்பாலோருக்கு இது தெரியாது. தொலைத்தொடர்பு கம்பெனியின் வருவாயாகக் கணக்கில் ஏறும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 5 ரூபாய் கிராமத்துக்கென்று தனியாக எடுக்கப்படுகிறது. 2002 ஏப்ரலில் தொடங்கிய இந்த நிதிக்கு 2003-இல் சட்ட அந்தஸ்து கிடைத்தது. இப்போது 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் மாறியிருக்கிறது. வசூலாகும் பணம் முதலில் மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். அங்கிருந்து பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்குகிறார்களோ அவ்வளவுதான் இந்த நிதிக்கு வரும். இந்த வழியில் வசூலானதற்கும் செலவானதற்கும் பல பத்தாயிரம் கோடி ரூபாய் இடைவெளி விழுந்தது.

இந்த நிதியிலிருந்து பிறந்த பெரிய திட்டம்தான் பாரத்நெட். 2011 அக்டோபர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது அதன் பெயர் தேசிய ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க். 2.5 லட்சம் ஊராட்சிகள், 20,000 கோடி ரூபாய், இரண்டு ஆண்டு அவகாசம். நல்ல திட்டம். இதில் எனக்கு சந்தேகமே கிடையாது. ஆனால் முதல் 1 லட்சம் ஊராட்சிகளை எட்டவே 2017 டிசம்பர் ஆனது. 2020 சுதந்திர தின உரையில் பிரதமர் 1,000 நாட்களில் 6 லட்சம் கிராமங்கள் என்றார். அந்தக் கெடு 2023 மே மாதத்தோடு முடிந்தது. நடுவில் 16 மாநிலங்களில் தனியாரைச் சேர்த்துக்கொண்டு செய்யலாம் என்று 2021-இல் முடிவெடுத்து டெண்டர் விட்டார்கள். அந்த முயற்சியும் நடக்கவில்லை. 2023 ஆகஸ்டில் திட்டத்தை மறுபடி எழுதி 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்.

தாமதம் ஒரு பக்கம். அதைவிட ஆழமான கோளாறு ஒன்று திட்டத்தின் வடிவத்திலேயே இருந்தது. ஃபைபரை ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சி அலுவலகம் வரை கொண்டுவந்து விட்டால் வேலை முடிந்தது என்று வைத்துக்கொண்டார்கள். அங்கே சுவரில் ஒரு பெட்டி, பேட்டரி, சில இடங்களில் சோலார் தகடு. அங்கிருந்து வீட்டுக்கு, பள்ளிக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, ரேஷன் கடைக்கு யார் கொண்டுபோவது? அதற்கு உருப்படியான விடை இல்லாமலே ஆண்டுகள் ஓடின. ஊராட்சி அலுவலகம் பல ஊர்களில் தினமும் திறப்பதில்லை. பேட்டரி செத்தால் மாற்ற ஆளில்லை. 'சர்வீஸ் ரெடி' என்று டெல்லியின் கணக்கில் ஏறிய ஊராட்சிகளின் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியபோதும், அவற்றில் எத்தனை பெட்டிகளில் விளக்கு எரிகிறது என்பது வேறு கணக்காக இருந்தது.

ஃபைபர் அறுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒன்றியத்திலிருந்து ஒரே கோடாக வரும் இழை ஓரிடத்தில் அறுந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் ஊர்கள் எல்லாம் இருட்டாகிவிடும். சாலையை அகலப்படுத்த ஜேசிபி வரும், குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுவார்கள், இழை போகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் முறை நாட்டில் ஃபைபர் அறுபடுகிறது, அதனால் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று 2023-இல் அரசே சொன்னது. அறுந்ததை ஒட்டுவது நுணுக்கமான வேலை. இழையின் தடிமன் 125 மைக்ரான். மேலுறையை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நுனியை நேராக வெட்டி, இரண்டு நுனிகளையும் ஸ்ப்ளைஸிங் மெஷினுக்குள் எதிரெதிரே வைக்க வேண்டும். மெஷின் சின்னத் திரையில் இரண்டையும் பெரிதாக்கிக் காட்டி, மின்பொறியால் உருக்கி இணைக்கும். ஒரு தூசி உட்கார்ந்தாலும் மறுபடி வெட்ட வேண்டும். மெஷின் வைத்திருக்கும், கை பழகிய ஆள் ஒன்றியத்துக்கு ஒருவராவது இருக்க வேண்டும். பாரத்நெட்டின் முதல் இரண்டு கட்டங்களில் கேபிள் போட ஒதுக்கிய அக்கறையில் பாதிகூட இந்த ஆளுக்கு ஒதுக்கப்படவில்லை. 2023-இல் திருத்திய திட்டத்தில் ஒற்றைக் கோட்டுக்குப் பதில் வளையமாக இழுப்பது, பத்தாண்டு பராமரிப்பு, ஐந்து ஆண்டுகளில் 1.5 கோடி கிராமத்து வீட்டு இணைப்புகள் என்று எழுதியிருக்கிறார்கள். 2011-லேயே எழுதியிருக்க வேண்டியவை இவை.

தமிழ்நாடு இழந்த ஆண்டுகள்

கேபிள் டிவி நுழையாத தெரு இல்லாத மாநிலம் இது. ஃபைபர் விஷயத்தில் நாம் முன்னால் நின்றிருக்க வேண்டும். பின்னால் நின்றோம். 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலையை மாநில அரசே தன் பொறுப்பில் எடுத்து, தன் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் கொடுத்தது. சுமார் 1,950 கோடி ரூபாய்க்கு விடப்பட்ட டெண்டரின் நிபந்தனைகள் சிலருக்குச் சாதகமாக வளைக்கப்பட்டதாக ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. 2020 ஜூனில் மறு டெண்டர் விடும்படி மத்திய அரசு சொன்னது. மறுபடி முதலிலிருந்து. கொரோனாவில் பிள்ளைகள் போனுக்காகத் தவித்த அதே மாதங்களில், கோப்பு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. டெண்டரைத் தடுத்தது சரிதான். தடுக்க வேண்டிய நிலையில் அதை எழுதியதுதான் குற்றம்.

பிறகு வேலை நடந்தது. பெரும்பாலும் மின்கம்பங்களில் தொங்கவிட்டு இழுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளம் தோண்டுவதைவிடச் செலவும் நேரமும் மிச்சம். புயல் வந்தால் கம்பத்தோடு கேபிளும் சாயும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். 2018 கஜா புயலில் டெல்டாவில் எத்தனை கம்பங்கள் விழுந்தன என்பதை மறந்திருக்க மாட்டோம்.

தேனியில் ஒரு டவர்

இத்தனை கோடிகளுக்கு நடுவில், ஏலமே இல்லாமல் திறந்துவிடப்பட்ட ஓர் அலைவரிசையின் கதையைச் சொல்ல வேண்டும். 2005 ஜனவரி 28 அன்று மத்திய அரசு ஒரு சிறு அறிவிக்கை வெளியிட்டது. 2.4 ஜிகாஹெர்ட்ஸில், குறிப்பிட்ட சக்திக்கு மிகாத கருவிகளை வைத்துக்கொள்ள இனி உரிமம் வேண்டாம். நம் வீட்டு வைஃபை ஓடும் அலைகளில் இதுவும் ஒன்று.

அந்தச் சமயத்தில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டார ஊர்களில் சிறு கண் பரிசோதனை மையங்கள் வைக்கலாம். பயிற்சி பெற்ற பெண்கள் அங்கே கண்ணைச் சோதிப்பார்கள். ஆனால் மருத்துவர் பார்க்க வேண்டுமே? எல்லா மையத்துக்கும் மருத்துவரை அனுப்ப முடியாது. வீடியோவில் பார்க்கலாம் என்றால் அந்த ஊர்களில் அதற்கேற்ற வேகத்தில் இணைப்பு கிடையாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். சாதாரண வைஃபை கருவியை எடுத்து, அது பேசும் முறையை நெடுந்தூரத்துக்கு ஏற்ப மாற்றி, டவர் உச்சியில் ஆன்டெனாவைப் பொருத்தி, எதிர்முனையை நோக்கிக் குறி வைத்தார்கள். வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும் வைஃபை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனது. போடி, சின்னமனூர் பக்கத்து மையங்களில் உட்கார்ந்த பாட்டியின் கண்ணைத் தேனியில் இருந்த மருத்துவர் திரையில் பார்த்தார். "மருந்து போதும்" அல்லது "ஆபரேஷனுக்கு வாங்க" என்று நேரடியாகப் பேசினார். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம். இன்று அரவிந்துக்கு இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் உண்டு.

அந்த அலையை விற்று அரசு ஒரு ரூபாயும் சம்பாதிக்கவில்லை. அதனால் விளைந்த நன்மையை எந்த ஏலக் கணக்கில் எழுதுவது? பொதுச் சொத்தைப் பொதுமக்களின் நன்மைக்காகப் பயன்படுத்துவது என்று 1995-இல் நீதிமன்றம் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

2025-இல் அதேபோன்ற ஒரு முடிவு மறுபடி வந்து நின்றது. 6 ஜிகாஹெர்ட்ஸில் அமெரிக்கா 2020-இல் 1,200 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் திறந்துவிட்டது. இந்தியா 2025 மே மாதம் அதன் கீழ்ப்பகுதியில் 500 மெகாஹெர்ட்ஸைத் திறக்க வரைவு விதிகளை வெளியிட்டது. மேல்பகுதி தங்களுக்கே வேண்டும் என்று செல்போன் கம்பெனிகள் கேட்டன. 5ஜிக்கும் அடுத்து வருவதற்கும் அலை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வைஃபை பக்கம் நிற்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் டெல்லியில் வாதாட ஆளில்லை. கம்பெனிகளுக்கு உண்டு. இந்த ஏற்றத்தாழ்வை உணர்ந்து முடிவெடுக்க வேண்டியது அரசுதான்.

கேபிள்காரரை உள்ளே விடுங்கள்

நாட்டில் சுமார் 94 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள் இருப்பதாக 2024 இறுதியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கணக்குச் சொன்னது. அதில் கம்பி வழியாக வீட்டுக்கு வருபவை வெறும் 4 கோடி சொச்சம். மீதி ஏறக்குறைய முழுக்கச் செல்போன். அதிலும் நகரத்தில் 100 பேருக்கு 130-ஐத் தாண்டிய தொலைபேசி இணைப்புகள், கிராமத்தில் 60-ஐத் தொடவில்லை. 2 எம்பிபிஎஸ் வந்தாலே பிராட்பேண்ட் என்பதுதான் 2023 முதல் நம் அளவுகோல். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்க அது எந்த மூலைக்கு?

செயற்கைக்கோள் இணையம் மலைக்கும் தீவுக்கும் உதவும். சமவெளி ஊர்களுக்கு ஃபைபர்தான் தீர்வு. அதைக் கடைசித் தெருவரை கொண்டுபோக ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகளாக ஒவ்வொரு ஊரிலும் வீட்டு வாசல்வரை வயர் இழுத்து, மாதம் பிறந்தால் கதவைத் தட்டிப் பணம் வாங்கும் கேபிள்காரர் இருக்கிறார். எந்தக் கம்பத்தில் ஏறலாம், எந்த வீட்டு மாடியைத் தாண்டிப் போகலாம் என்பது அவருக்குத் தெரியும். அரசின் ஃபைபர் ஊராட்சி அலுவலகம்வரை வந்துவிட்டது என்றால், அங்கிருந்து நியாயமான மொத்த விலையில் அவரிடம் கொடுத்தால் போதும். அறுந்தால் அன்றைக்கே ஒட்டுவார், ஏனென்றால் ஒட்டாவிட்டால் அந்த மாத வசூல் போகும்.

ஊர்க்கடைகளே வைஃபை விற்கலாம் என்று 2020 டிசம்பரில் தொடங்கிய பிஎம்-வாணி திட்டம் இதே நல்ல எண்ணத்தில் வந்ததுதான். 2022-க்குள் நாட்டில் 1 கோடி பொது வைஃபை இடங்கள் என்று மத்திய அரசின் 2018 தொலைத்தொடர்புக் கொள்கை இலக்கு வைத்திருந்தது. வாணியில் சேர்ந்தவை சில லட்சங்களோடு நின்றுவிட்டன. டீக்கடைக்காரருக்குக் கம்பெனிகள் பெரிய ஆபீஸுக்கான கட்டணத்தைக் கேட்டால் அவர் எப்படி ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் நெட் விற்பார்? வீட்டு இணைப்புக் கட்டணத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று டிராய் உத்தரவிட 2025 ஜூன்வரை ஆனது. நான்கரை ஆண்டுகள் தாமதமான உத்தரவு. அதை இப்போதாவது கம்பெனிகள் மதிக்கின்றனவா என்று கண்காணிக்க வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் குடிநீர், தெருவிளக்கு, சாலை பற்றிப் பேசுகிறோம். அந்தப் பட்டியலில் இதையும் சேர்க்கலாம். நம் ஊராட்சிக்கு ஃபைபர் வந்துவிட்டதா? வந்தது என்றால் பெட்டி எங்கே, சாவி யாரிடம்? கடைசியாக அது எத்தனை நாள் விடாமல் வேலை செய்தது? அறுந்தால் எந்த நம்பருக்குப் பேச வேண்டும், எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது? பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் அங்கிருந்து வயர் இழுக்க என்ன தடை? பற்றாளராக வரும் அதிகாரி முன்னிலையில் இதைத் தீர்மானமாக எழுதி, நகல் ஒன்றை மாவட்ட ஆட்சியருக்கும் இன்னொன்றை டான்ஃபிநெட்டுக்கும் அனுப்புங்கள்.